ஸ்ட்ரேஹார்ன் ஏன் பின்வரிசையில் நின்றார்? ஜாஸ் வரலாற்றில் பால்புதுமையர்

நள்ளிரவு வானொலி (இழையைத் தொடங்கியவர்)

‘டேக் தி ஏ ட்ரெயின்’ யாருடைய மெட்டு என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் டியூக் எலிங்டன் என்பார்கள். பியானோக் கலைஞரும் ஜாஸ் குழுத் தலைவருமான எலிங்டனின் குழுவுக்கு அடையாள மெட்டு அதுதான். ஆனால் எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1915இல் ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர், மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். 1938 டிசம்பரில், தன் 23ஆம் வயதில், பிட்ஸ்பர்க்குக்கு வந்திருந்த எலிங்டனை மேடைக்குப் பின்னால் சந்தித்தார். எலிங்டனின் பாட்டொன்றை முதலில் அவர் வாசிப்பது போலவே வாசித்துக் காட்டினார். பிறகு, தான் வாசித்தால் எப்படி இருக்கும் என்று அதையே வேறொன்றாக மாற்றி வாசித்தார். மறு ஆண்டே குழுவில் சேர்ந்துவிட்டார். 1967இல் இறக்கும் வரை எலிங்டனின் வலது கை அவர்தான்.

ஸ்ட்ரேஹார்ன் தன்பாலீர்ப்பாளர். அதை அவர் மறைக்கவில்லை. 1940களில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் கான்வென்ட் அவென்யூவில் ஏரன் பிரிட்ஜர்ஸ் என்ற பியானோக் கலைஞரோடு இணையராகக் குடித்தனம் நடத்தினார். அப்போது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தன்பாலின உடலுறவு குற்றம். அந்தச் சட்டத்தை முதலில் நீக்கிய இலினாய்ஸ் மாநிலமே 1961இல்தான் நீக்கியது.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கறுப்பின மனிதர் ஒளிவுமறைவில்லாமல் எப்படி வாழ முடிந்தது? சுவரொட்டியில் அவருடைய பெயர் இல்லாததால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன். புகழையும் மெட்டின் உரிமையையும் எலிங்டனிடம் விட்டுவிட்டு, தன் வாழ்க்கையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். உங்கள் கருத்து என்ன?

அரைக்கட்டை

கதை அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.

அந்தக் காலத்துப் பெரிய இசைக்குழுக்களில் தலைவர் பெயர் முன்னால் நிற்பதும் எழுதியவர் பின்னால் போவதும் வழக்கம். பென்னி குட்மன் புகழ்பெற்றதில் பாதி ஃபிளெட்சர் ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்த இசைக்கோவைகளால். ‘கேரவன்’ மெட்டின் கரு எலிங்டன் குழுவின் டிராம்போன் கலைஞர் ஹுவான் டிசோலுடையது. எலிங்டனின் மேலாளர் இர்விங் மில்ஸ் தன் பெயரையும் எத்தனையோ பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார். இவர்களில் யாரும் பாலீர்ப்பால் பின்னுக்குப் போகவில்லை. வியாபாரம் அப்படி நடந்தது, அவ்வளவுதான். ஸ்ட்ரேஹார்னுக்கு மட்டும் தனிக் காரணம் எதற்கு?

இசையைக் கேட்போம். யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பது நமக்கு எதற்கு?

தாளக்கட்டு

அரைக்கட்டை ஐயா, நீங்கள் சொல்லும் வழக்கம் உண்மை. ஆனால் வழக்கத்தால் எழுதியவர் பின்னுக்குத் தள்ளப்படுவது வேறு, ஒருவர் தானே அங்கே நிற்கச் சம்மதிப்பது வேறு. ஹெண்டர்சன் தன் பெயரிலேயே குழு நடத்தியவர். அது நொடித்துப்போனதால்தான் குட்மனுக்கு விற்றார். டிசோலுக்குக் குழுவில் வரையறுத்த இடம் இருந்தது. ஸ்ட்ரேஹார்னுக்கு எலிங்டனோடு முறையான ஒப்பந்தமே கிடையாது. வாடகை, உணவு, உடை, பயணம் என்று செலவுகளை எலிங்டன் ஏற்றுக்கொண்டார். சம்பளக்காரர் என்றும் சொல்ல முடியாது, பங்குதாரர் என்றும் சொல்ல முடியாது. அவருடைய நண்பர்கள் பின்னாளில் சொன்னதும் இதைத்தான்: டியூக்கிடம் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது, அவருடைய ஆண்மையை அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, ஊரில் அப்படி இல்லை.

‘ஏ ட்ரெயின்’ பிறந்த விதத்தையும் பாருங்கள். 1941 ஜனவரி முதல் வானொலி நிலையங்களுக்கும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் கட்டணத் தகராறு. சங்க உறுப்பினர்களின் பாட்டு எதுவும் வானொலியில் ஒலிக்கக் கூடாது. எலிங்டன் உறுப்பினர், ஆகவே அவருடைய சொந்தப் பாட்டுகளை அவரே ஒலிபரப்ப முடியாது. உறுப்பினரல்லாத ஸ்ட்ரேஹார்னும் எலிங்டனின் மகன் மெர்சரும் அவசர அவசரமாகப் புதிய பாட்டுகளை எழுதிக் குவித்தார்கள். ‘ஹெண்டர்சன் சாயல் அதிகம்’ என்று ஸ்ட்ரேஹார்ன் குப்பையில் போட்டதைத் தான் எடுத்துக் காப்பாற்றியதாக மெர்சர் சொல்வார். 1941 பிப்ரவரியில் பதிவானது. முன்னணிப் பெயர் பயன்படாமல் போன சில மாதங்களில்தான் பின்னணிப் பெயர் வெளியே தெரிந்தது.

பணம் பற்றி ஒரு குறிப்பு. ‘சாட்டின் டால்’ பாட்டின் உரிமை குறித்த வழக்கு ஸ்ட்ரேஹார்ன் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நடந்தது. மெட்டு எலிங்டனுடையது, அதன் கீழ் ஓடும் ஒத்திசை ஸ்ட்ரேஹார்னுடையது என்பது அவர் தரப்பு வாதம். ஒத்திசையும் பதிப்புரிமைக்கு உட்படலாம் என்று 1993இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது.

செம்பருத்தி

ஜாஸ் என்றாலே இசையமைப்பாளர், அவர் என்றாலே ஆண் என்று தொடங்கிவிட்டீர்கள். 1920களுக்குப் போங்கள். அங்கே யாரும் பின்வரிசையில் நிற்கவில்லை.

மா ரெய்னி 1928இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ‘புரூவ் இட் ஆன் மி புளூஸ்’ பாடினார். தனக்குப் பெண்களோடுதான் சகவாசம், முடிந்தால் நிரூபித்துக் காட்டு என்று சவால் விடும் பாட்டு. அந்த இசைத்தட்டுக்கு நிறுவனம் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெண் இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டு நிற்கிறார், தூரத்தில் ஒரு போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறைக்க வேண்டிய விஷயம் என்று நாம் நினைப்பதை வைத்தே அந்த நிறுவனம் தட்டு விற்றது!

அதே ஆண்டு ஓகே நிறுவனத்துக்குப் பாடியவர் கிளாடிஸ் பென்ட்லி. ஹார்லெமில் 133ஆவது தெருவின் கிளாம் ஹவுஸ் விடுதியில் வெள்ளை டக்சிடோவும் (ஆண்களின் விருந்து உடை) உயரத் தொப்பியும் அணிந்து விடிய விடிய பியானோ வாசிப்பார். பிரபலமான பாட்டுகளுக்குக் கொச்சையான வரிகளைச் சேர்த்துப் பாடுவார், முன்வரிசைப் பெண்களைச் சீண்டுவார். ஊரே திரண்டு வந்தது. கறுப்பர், வெள்ளையர், எழுத்தாளர், பணக்காரர் எல்லோரும். 155ஆவது தெருவின் ராக்லாண்ட் பேலஸில் ஹாமில்டன் லாட்ஜ் அமைப்பு ஆண்டுதோறும் நடத்திய நடன விழாவுக்கு ஆண்கள் பெண் உடையிலும் பெண்கள் ஆண் உடையிலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பற்றிக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

வானொலி அவர்களே, புகழை விட்டு வாழ்க்கையைக் காத்தார் என்ற உங்கள் கோட்பாடு இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

வெண்கலக் குழல்

மா ரெய்னி புளூஸ் பாடகி. இது ஜாஸ் இழை.

செம்பருத்தி

1924இல் அவர் ‘சீ சீ ரைடர்’ பாடியபோது கார்னெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பியானோவில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன். மறு ஆண்டு புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பதிவிலும் ஆர்ம்ஸ்ட்ராங்தான். பெஸ்ஸியும் ஆண்கள், பெண்கள் இருபாலரோடும் உறவு கொண்டவர். ஜாஸின் எல்லைக்கோட்டை எங்கே போட்டால் ஆர்ம்ஸ்ட்ராங் உள்ளேயும் இந்தப் பெண்கள் வெளியேயும் இருப்பார்கள் என்று சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

மேடைப்பின்னால்

செம்பருத்தியின் கேள்விக்குச் சட்டத்தின் பக்கமிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. சாராயம் விற்கிற விடுதி ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே இருந்தது. அங்கே யார் டக்சிடோ அணிந்தார்கள் என்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. மதுவிலக்கு நீங்கியதும் நிலைமை தலைகீழானது. மது உரிமம் வேண்டும், உரிமம் நிலைக்க விடுதி ‘ஒழுங்காக’ இருக்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற இடம் ஒழுங்கற்ற இடம் என்று நியூயார்க் மது ஆணையம் பல விடுதிகளின் உரிமத்தைப் பறித்தது. 1940 முதல் 1967 வரை, மது விற்கும் இடத்தில் வாசிக்க ஒவ்வொரு கலைஞருக்கும் போலீஸ் அனுமதி அட்டை தேவைப்பட்டது. பில்லி ஹாலிடேவும் தெலோனியஸ் மங்கும் போதைப்பொருள் வழக்குகளால் அட்டையை இழந்து நியூயார்க் விடுதிகளில் வாசிக்க முடியாமல் தவித்தது தெரிந்த கதை. மேடையில் நிற்கிறவரின் பிழைப்பு போலீஸ் கையில் இருந்தது. எழுதிக் கொடுக்கிறவருக்கு அட்டை தேவையில்லை.

பென்ட்லி கலிஃபோர்னியாவுக்குப் போனார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பெண்களை விரும்பும் பெண்கள் கூடும் மோனாஸ் விடுதியில் பாடினார். பிறகு மெக்கார்த்தி காலம், அரசாங்கம் கம்யூனிஸ்டுகளையும் தன்பாலீர்ப்பாளர்களையும் தேடித் துரத்திய ஆண்டுகள். 1952இல் ‘எபனி’ இதழில், தான் சிகிச்சை பெற்று மீண்டும் பெண்ணாகிவிட்டதாக அவர் பெயரில் கட்டுரை வந்தது, வீட்டு வேலை செய்யும் புகைப்படங்களோடு. 1960இல் 52 வயதில் இறந்தார். முன்வரிசையில் நின்றவர் கொடுத்த விலை அது. ஆகவே வானொலியின் கணக்கு இவருக்கும் பொருந்துகிறது, மறுபக்கத்திலிருந்து.

அரைக்கட்டை

பென்ட்லி உண்மையிலேயே மனம் மாறியிருக்கலாமே? அவர் பெயரில் வந்ததை நாம் ஏன் நம்ப மறுக்க வேண்டும்?

மேடைப்பின்னால்

நம்பவோ மறுக்கவோ இல்லை. வயதான தாயோடு வாழ்ந்துகொண்டு, மேடையை நம்பிப் பிழைத்த ஒருவர், அரசாங்கமே ஆள் தேடித் துரத்திய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரை என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். அதே ஆண்டுகளில் சிகாகோவில் நடந்ததையும் பாருங்கள். பெண்கள் மட்டுமே வாசித்த இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் குழுவின் டிரம்பெட் கலைஞர் டைனி டேவிஸும் அவர் இணையரான டிரம்ஸ் கலைஞர் ரூபி லூகஸும் சொந்தமாக ஒரு விடுதி நடத்தினார்கள். ‘டைனி அண்ட் ரூபிஸ் கே (Gay) ஸ்பாட்’ என்று பெயர்ப் பலகையே வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். நியூ ஆர்லியன்ஸில் 1939இல் தொடங்கிய டியூ டிராப் இன் விடுதியின் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பெண் உடையில் தோன்றிய பாட்ஸி விடாலியா. அங்கே ஆண்டுதோறும் நடந்த ஹாலோவீன் நடன விழாவும் அவர் பொறுப்பில்தான். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நிலைமை வேறு.

அரைக்கட்டை

சரி, நியூ ஆர்லியன்ஸ் என்றதும் டோனி ஜாக்சன் நினைவுக்கு வருகிறார். தன்பாலீர்ப்பாளர் என்று ஊரறிந்த பியானோக் கலைஞர். ‘பிரிட்டி பேபி’ அவர் மெட்டுத்தான். ஜாஸைக் கண்டுபிடித்ததே நான் என்று மார்தட்டிய ஜெல்லி ரோல் மார்டன் 1938இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பேசிப் பதிவு செய்தபோது, டோனி ஜாக்சன் தன்னைவிடப் பெரியவர் என்று ஒப்புக்கொள்கிறார். மார்டன் வேறு யாரையும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கலைஞர்கள் விரலைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாளக்கட்டு

நல்ல எடுத்துக்காட்டு. அதே பதிவில் மார்டன் இன்னொன்றும் சொல்கிறார். சிறுவயதில் பியானோ பழகத் தயங்கினாராம், அது பெண்களின் வாத்தியம், வாசித்தால் தன்னையும் பெண்தன்மை உள்ளவன் என்று கேலி செய்வார்கள் என்ற பயம். ஜாக்சனை வணங்கிய அதே மனதில்தான் அந்தப் பயமும் இருந்தது. ஜாக்சனோ சிகாகோவுக்குப் போய், ஒரு பதிவுகூட விட்டுச்செல்லாமல் 1921இல் இறந்தார். அவர் எப்படி வாசித்தார் என்பதை மார்டன் வாசித்துக் காட்டியதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

செம்பருத்தி

பில்லி டிப்டன் பெயர் இன்னும் வரவில்லையே. 1914இல் ஒக்லஹோமா நகரில் பிறந்தவர், பியானோவும் சாக்ஸபோனும் வாசித்தவர். பிறப்பில் பெண் என்று பதிவானவர், 1930களில் இருந்து ஆணாக வாழ்ந்தார். 1957இல் அவருடைய மூவர் குழுவின் இரண்டு நீளிசைத் தட்டுகள் வெளிவந்தன, பல்லாயிரக்கணக்கில் விற்றன. மறு ஆண்டு ரீனோ நகரின் சூதாட்ட விடுதியில் நிரந்தரக் குழுவாக வாசிக்கும் வாய்ப்பும் மேலும் சில தட்டுகளுக்கான வாய்ப்பும் வந்தன. அவர் ஸ்போகேன் நகருக்குப் போய்க் கலைஞர்களுக்கு வேலை பிடித்துத் தரும் முகவராகிவிட்டார். மூன்று மகன்களைத் தத்தெடுத்து வளர்த்தார். 1989இல் அவர் இறந்த அன்று, அவசர உதவிக்கு வந்தவர்கள் மூலம்தான் மகனுக்கே விஷயம் தெரிந்தது.

பிழைப்புக்காகப் போட்ட வேடம் என்று பத்திரிகைகள் எழுதின. அரை நூற்றாண்டு, மேடையிலும் வீட்டிலும், குழந்தைகள் முன்னாலும் வேடம் போட முடியுமா? திருநம்பி என்றே நான் சொல்வேன். வானொலி சொன்ன ‘புகழை விட்டுக்கொடுத்து வாழ்க்கையைக் காப்பது’ இங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது. இன்னும் பெரிய மேடை என்றால் இன்னும் அதிகக் கண்கள்.

வெண்கலக் குழல்

இதெல்லாம் பழங்காலம். 1960களுக்குப் பிறகு ஜாஸ் விடுதலையின் இசையாகிவிட்டது, பிறகென்ன பிரச்சினை?

தாளக்கட்டு

விடுதலை எல்லோருக்கும் ஒரே நாளில் வரவில்லை. நான்கு கோல்களால் வைப்ரஃபோன் என்ற உலோகப் பட்டை வாத்தியத்தை வாசிப்பதை உலகமெங்கும் பரப்பிய கேரி பர்ட்டன் 1960களிலேயே நட்சத்திரம். தான் தன்பாலீர்ப்பாளர் என்று வானொலிப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னது 1994இல். அதற்குள் அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பியானோக் கலைஞர் ஃபிரெட் ஹெர்ஷ், சாக்ஸபோன் கலைஞர்களான ஸ்டான் கெட்ஸ், ஜோ ஹெண்டர்சன் போன்றோரோடு வாசித்த காலத்தில் தன்னை மறைத்தே வைத்திருந்தார். 1980களில் எச்ஐவி தொற்று உறுதியானது. மருந்து சரியாக இல்லாத அந்த ஆண்டுகளில், அடுத்த தட்டு கடைசித் தட்டாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு பதிவு செய்தவர். 1990களின் தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்தே வெளியில் சொன்னார், எய்ட்ஸ் நிவாரணத்துக்காக ஒரு தட்டும் வெளியிட்டார். 2006இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் விடுதியில் ஒரு வாரம் முழுவதும் தனியாக வாசித்த முதல் பியானோக் கலைஞர் அவர். 2008இல் இரண்டு மாதம் கோமாவில் கிடந்து, எழுந்து, விரல்களை மறுபடி பழக்கி மேடைக்கு வந்தார்.

கவனியுங்கள்: பாடகர்களுக்கும் பியானோக் கலைஞர்களுக்கும் கொஞ்சமாவது இடம் கிடைத்தது. டிரம்ஸ், சாக்ஸபோன் பக்கம் வெளிப்படையான பெயர்கள் அபூர்வம். விடிய விடிய போட்டிபோட்டு வாசித்து எதிராளியை மண்ணைக் கவ்வ வைப்பதுதான் வீரம் என்று வளர்ந்த கூடாரம் அது. பாடகர் மெல் டார்மேயின் குழுவில் பல ஆண்டுகள் பாஸ் வாசித்த ஜெனிஃபர் லீத்தம் 2000களின் தொடக்கத்தில் திருநங்கையாக வெளிப்பட்டபோது எவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரைக்கட்டை

பியானோக் கலைஞர் சீசில் டெய்லரை மறந்துவிட்டீர்களா? அவர் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு விமர்சகர் எழுத்தில் அம்பலப்படுத்தினார். பிறகு அதுபற்றிக் கேட்டவரிடம், ஒரு மூன்றெழுத்துச் சொல் (gay) என் மனிதத்தின் சிக்கலை வரையறுத்துவிடுமா என்று திருப்பிக் கேட்டார். என் கட்சியும் அதுதான். அவரையும் இந்தப் பட்டியலில் சேர்த்தால் அவர் விருப்பத்துக்கு எதிராகச் செய்கிறோம்.

நள்ளிரவு வானொலி

டெய்லர் சொன்னதை மதிக்கிறேன், அவரைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. ஆனால் முத்திரையை மறுக்கும் உரிமை அவருடையது, ஐயா. அதை எடுத்து, பேசத் தயாராக இருந்த பர்ட்டனும் ஹெர்ஷும் ஏன் பேசினார்கள் என்று கேட்பது நியாயமாகாது. பேச்சே வேண்டாம் என்ற நிலை இத்தனை ஆண்டுகள் யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

நடுவில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சன் ரா, லெஸ்டர் யங் பற்றி ‘அவரும் அப்படித்தானாம்’ என்ற ரகம். தாமே சொன்னவர்கள், வாழ்க்கை பொதுப்பதிவில் இருப்பவர்கள் ஆகியோரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நடையையும் குரலையும் வைத்து ஊகிக்கும் வேலை இங்கே வேண்டாம்.

மேடைப்பின்னால்

ஸ்ட்ரேஹார்னுக்குத் திரும்புகிறேன். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டன் குழுவை மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் வந்தார்கள். ஸ்ட்ரேஹார்னும் கூடவே வந்தார். நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் துருக்கியோடு பயணம் நிறுத்தப்பட்டது.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். 1953இல் அதிபர் ஐசனாவர் பிறப்பித்த ஆணை 10450 தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பணியில் இருக்கத் தடை விதித்தது. அதற்கு முன்பிருந்தே நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றிக்கொண்டிருந்தது இதே வெளியுறவுத் துறைதான். எழுத்தராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், எலிங்டன் குழுவின் ஆளாக அதே துறையின் செலவில் டெல்லியில் வந்து இறங்கினார். பின்வரிசை எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு இதுவும் சாட்சி.

வெண்கலக் குழல்

டெல்லி பற்றி அவர் ஏதாவது எழுதினாரா?

மேடைப்பின்னால்

‘தி ஃபார் ஈஸ்ட் சூட்’ தட்டில் ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ இருக்கிறது. டெல்லியில் தங்கியிருந்தபோது ஒரு மைனா திரும்பத் திரும்பக் கூவிய ஒலிதான் அதன் வித்து. ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்தான் மைனா. பக்கத்துப் பாட்டான ‘இஸ்ஃபஹான்’ ஸ்ட்ரேஹார்ன் அந்தப் பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் எழுதியது, ஊர் பிறகு ஒட்டிக்கொண்டது.

அரைக்கட்டை

டெல்லி மைனாவைக் கேட்டேன், அருமை. உங்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. எலிங்டன் எது, ஸ்ட்ரேஹார்ன் எது என்று யாராலும் பிரிக்க முடியாது, இரண்டு பேரும் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பார்கள் என்றுதான் காலமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பிரிக்கவே முடியாதபோது ‘உரிமையை இழந்தார்’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தாளக்கட்டு

பிரித்துவிட்டார்கள், ஐயா. எலிங்டனின் கையெழுத்துப் பிரதிகள் 1988இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஸ்ட்ரேஹார்னின் பிரதிகள் அவர் குடும்பத்திடம் இருந்தன. நெதர்லாந்து இசையியலாளர் வால்டர் வான் டி லூர் இரண்டு சேகரிப்புகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். இருவரின் கையெழுத்தும் தெளிவாக வேறுபடும். கூட்டுப் படைப்பு என்று நினைத்த பலவற்றில் ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே தனித்து எழுதியிருக்கிறார். எலிங்டன் பெயரில் மட்டும் போன சில, முழுக்க ஸ்ட்ரேஹார்ன் கையில் இருக்கின்றன. குழு ஒருமுறைகூடப் பதிவு செய்யாத படைப்புகளும் கிடைத்தன. அவற்றை டச்சு ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா 1990களில் வாசித்துப் பதிவு செய்தது.

காதால் பழக வேண்டுமென்றால் ‘பிளட் கவுண்ட்’ கேளுங்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்தபடி எழுதி அனுப்பியது. அவர் 1967 மே 31 அன்று இறந்தார். ஆகஸ்டில் ஜானி ஹாட்ஜஸ் சாக்ஸபோனில் வாசித்துப் பதிவானது. மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாகச் சறுக்கி இறங்குவதையும், அடியில் ஒத்திசை நிலைகொள்ள மறுப்பதையும் கவனியுங்கள். பிறகு ‘இஸ்ஃபஹான்’ கேட்டால் அதே கை தெரியும்.

அரைக்கட்டை

கேட்கிறேன். கையெழுத்து ஆதாரத்தை ஏற்றுக்கொள்கிறேன். காரணம் பாலீர்ப்புத்தான் என்பதை இன்னும் முழுக்க ஏற்கவில்லை. எலிங்டனின் பேராசையும் ஒரு காரணம் என்று யாராவது எழுதினால் உடனே கையெழுத்திடுவேன்.

செம்பருத்தி

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, முதல் பதிவு என்னுடையது. தாளக்கட்டு, அந்த டச்சுப் பதிவுகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

தாளக்கட்டு

‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ சில்க் த்ரெட்’ தட்டிலிருந்து. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், சாக்ஸபோன் வரிசையின் உள்குரல்கள் அப்போதுதான் தனித்தனியாகப் பிடிபடும்.